சைக்கிளுக்கு எதுக்கு சார் தனி ரோடு?

ஒரகடம் கூட்டுரோட்டில் காலை ஐந்தே முக்காலுக்கு நின்று பார்த்தால் ரெண்டு வகை சைக்கிள் கண்ணில் படும். ஒன்று, கேரியரில் டிபன் பாக்ஸ் கட்டி, செயின் கவர் கடகடக்க வரும் பழைய ஹெர்குலிஸ். ஓட்டுகிறவர் ஏதாவது ஒரு கம்பெனியில் தோட்ட வேலை, செக்யூரிட்டி, அல்லது கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவர். காண்ட்ராக்ட் ஆள், அதனால் கம்பெனி பஸ் கிடையாது. இன்னொன்று ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரும். ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, உடம்போடு ஒட்டிய பனியன், லட்ச ரூபாய் வண்டி. தாம்பரம் பக்கமிருந்து கிளம்பி வாலாஜாபாத் வரை மிதித்துவிட்டு, வழியில் இட்லி வடை சாப்பிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பும் கூட்டம்.

இந்த ரெண்டு பேருக்கும் பொதுவாக இருப்பது ஒன்றே ஒன்றுதான். பின்னால் டிரெய்லர் லாரிக்காரர் ஹாரன் அடித்தால் ரெண்டு பேரும் ஒரே மண்ணில்தான் இறங்க வேண்டும்.

"சைக்கிளுக்குத் தனியா ஒரு பாதை வேணும்" என்று யாராவது வாயெடுத்தால் போதும், உடனே பதில் ரெடியாக இருக்கிறது. "இது என்ன ஹாலந்தா சார்?" "முதல்ல மனுஷன் போக ரோடு போடச் சொல்லுங்க." (சைக்கிளில் போகிறவன் மனுஷன் இல்லை போல.) கொஞ்சம் படித்தவராக இருந்தால் வேறு மாதிரி சொல்வார்: "அதெல்லாம் வளர்ந்த நாடுகளின் ஆடம்பரம்." இந்தக் கடைசிப் பதிலைத்தான் கொஞ்சம் பிரித்து மேய வேண்டியிருக்கிறது.

மேல்படிப்புக்கு அமெரிக்கா போன சீனியர் யாராவது வருஷத்துக்கு ஒருமுறை ஒரு போட்டோ காட்டுவார். ரெண்டு பக்கமும் காடு, நடுவில் பொடிக்கல் பரப்பிய சமமான பாதை, ஒரு சின்ன இரும்புப் பாலம், தூரத்தில் ஒரு குகை. இங்கிருந்து கிளம்பி நாலு ஊரைச் சுற்றி மறுபடி இதே இடத்துக்கு வரலாம், ஒரு கார்கூடக் குறுக்கே வராது என்பார். பார்க்கிறவர்கள் எல்லாரும் பெருமூச்சு விட்டுவிட்டு, "நம்ம ஊர்ல இதெல்லாம் எங்க மச்சி" என்று முடித்துக்கொள்வார்கள். அந்தப் பாதையை யாரும் சைக்கிளுக்காகப் போடவில்லை என்பது நிறைய பேருக்குத் தெரியாது. அது செத்துப்போன ரயில் பாதை.

ரயில் இன்ஜினுக்கு மேடு ஆகாது. சமவெளியில் நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறினாலே அதற்கு மூச்சு வாங்கும். அதனால் பாதை போடும்போதே மேட்டை வெட்டி, பள்ளத்தை மண் கொட்டி நிரப்பி, மலை வந்தால் குடைந்து, ஓடை வந்தால் பாலம் கட்டி, எல்லாவற்றையும் ஒரு மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். இன்ஜினுக்கு எது கஷ்டமோ அதேதான் சைக்கிள் மிதிக்கிறவன் முழங்காலுக்கும் கஷ்டம். ஆக, தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டு மேலே பொடிக்கல் போட்டால், பத்து வயதுப் பையன் முதல் எழுபது வயதுத் தாத்தா வரை ஓட்டக்கூடிய பாதை ரெடி. செலவில் முக்கால்வாசியை நூறு வருஷத்துக்கு முன்னால் ரயில் கம்பெனிக்காரனே செய்து வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அமெரிக்காவில் 1916-ல் சுமார் நாலு லட்சம் கிலோமீட்டர் ரயில் பாதை இருந்தது. அதுதான் உச்சம். அதற்குப் பிறகு கார், லாரி, விமானம் என்று வந்து, ரயில் கம்பெனிகள் ஒவ்வொரு கிளைப் பாதையாகக் கைவிட ஆரம்பித்தன. விஸ்கான்சின் மாநிலத்தில் எல்ராய் என்ற ஊருக்கும் ஸ்பார்ட்டா என்ற ஊருக்கும் நடுவில் 51 கிலோமீட்டர், மூன்று குகைகள். 1960களின் நடுவில் ரயில் நின்றதும் மாநில அரசு அதை வாங்கி சைக்கிள் பாதையாக்கியது. பக்கத்துப் பாதைகளும் ஒவ்வொன்றாகச் சேர்ந்து இன்றைக்கு அங்கே 160 கிலோமீட்டர் தொடர்ச்சியாக ஓட்டலாம். பிட்ஸ்பர்க்கிலிருந்து கம்பர்லண்ட் போகும் பாதை 240 கிலோமீட்டர். 2013-ல்தான் முழுசாக முடிந்தது. ஸ்பெயினில் 1993-லிருந்து "பச்சை வழி" என்று பெயர் வைத்து இதே வேலையைச் செய்கிறார்கள். நியூசிலாந்தின் ஒட்டாகோவில் 150 கிலோமீட்டர், 2000-ல் திறந்தார்கள். வழியில் இருக்கும் குட்டிக் குட்டி ஊர்களுக்கெல்லாம் அந்தப் பாதையால்தான் பிழைப்பு.

இதெல்லாம் ஊர் சுற்றிகளுக்கான விஷயம், வேலைக்குப் போகிறவனுக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இங்கிலாந்தில் பிரிஸ்டலுக்கும் பாத் நகரத்துக்கும் நடுவில் இருந்த பழைய ரயில் பாதையை 1979-லிருந்து 1986 வரை தொண்டர்களே மண்வெட்டி பிடித்து மாற்றினார்கள். 21 கிலோமீட்டர். இன்றைக்கு அதில் காலையும் மாலையும் போகிற கூட்டத்தைப் பார்த்தால் தெரியும்: ஆபீஸ் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள். பாதை இருந்தால் வேலைக்குப் போகிறவன்தான் அதில் முதல் ஆளாகப் போவான். அவன்தான் தினமும் போக வேண்டியவன்.

சரி, அமெரிக்கக் கதையில் முக்கியமான விஷயம் மரமும் இல்லை, குகையும் இல்லை. ஒரு சட்டம். 1983-ல் அவர்கள் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். ஒரு ரயில் பாதையில் ரயில் நின்றுபோனாலும் அந்த நிலத்தைத் துண்டு போட்டு விற்காமல், நடுவில் ஆக்கிரமிப்பும் வராமல், அப்படியே முழு நீளத்துக்கும் வைத்திருக்கலாம். நாளைக்கே ரயில் மறுபடி வேண்டுமென்றால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அதுவரைக்கும் மக்கள் நடக்கட்டும், சைக்கிள் ஓட்டட்டும். அதாவது பாதையை வங்கியில் போட்டு வைப்பது மாதிரி. எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 1990-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது.

இதை ஏன் இவ்வளவு இழுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், தமிழ்நாட்டில் மொரப்பூர் என்று ஒரு ஊர் இருக்கிறது.

1906-ல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு ஒரு குட்டி ரயில் ஓட ஆரம்பித்தது. இரண்டரை அடி அகலத் தண்டவாளம். பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பதற்காகப் போட்ட பாதை. 1913-ல் அது ஓசூர் வரை நீண்டது. அதே காலத்தில், 1905-ல், திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு இன்னொரு குட்டி ரயில். ரெண்டாம் உலகப் போர் வந்தது. 1941-ல் ரெண்டையும் மூடினார்கள், தண்டவாளத்தைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். போர் முடிந்தது, வெள்ளைக்காரன் போனான், சுதந்திரம் வந்தது. ரயில் மட்டும் வரவில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகரமாகி இருபது வருஷத்துக்கு மேலாகிறது, இன்னும் ஊருக்குள் ரயில் நிலையம் இல்லை.

தருமபுரிக்காரர்கள் விடாமல் கேட்டார்கள். ஒவ்வொரு தேர்தலிலும் மொரப்பூர் ரயில் ஒரு வாக்குறுதி. கடைசியில் 2019 மார்ச்சில், அதுவும் தேர்தல் நேரத்தில்தான், அடிக்கல் நாட்டினார்கள். 36 கிலோமீட்டர். அடிக்கல் நாட்டியபின் பார்த்தால் பழைய பாதை போன இடத்தில், தருமபுரி நகரத்துக்குள், வீடுகள். வேறு வழியாக வளைத்துப் போட வேண்டிய நிலை. வளைத்துப் போட்டால் புது நிலம் எடுக்க வேண்டும். நிலம் எடுப்பதிலேயே வருஷங்கள் ஓடின.

கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். 1941-ல் மூடிய பாதை. அதன் மண்மேடு இருந்தது, சின்னச் சின்னப் பாலங்கள் இருந்தன, நிலம் சர்க்கார் நிலமாக இருந்தது. அதில் மொரப்பூர், தருமபுரி கிராமத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஒரு சைக்கிள் பாதை போட்டிருந்தால், ஊரே தினமும் அதில் நடந்திருக்கும். தினமும் ஊர் நடக்கிற பாதையில் எவனும் சுவர் எழுப்ப முடியாது. எழுப்பினால் அடுத்த நாள் காலையில் நாலு பேர் சட்டையைப் பிடிப்பார்கள். சும்மா கிடக்கும் நிலத்தைத்தான் வளைப்பார்கள். அங்கே வீடு கட்டியவர்களைக் குறை சொல்லவும் முடியாது. முக்கால்வாசிப் பேர் பிழைக்க வழியில்லாமல் வந்தவர்கள், எழுபது வருஷம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பாதையைப் பாதையாக வைத்திருக்கத் தெரியாத அரசாங்கம், கடைசியில் வீட்டையும் இடிக்க முடியாமல் ரயிலையும் விட முடியாமல் நின்றது.

"சைக்கிள் பாதை ஆடம்பரம்" என்று சொல்கிற அண்ணன்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கட்டும். சர்க்காரிடமே இருந்த ஒரு பாதைக்கு மறுபடி நிலம் வாங்குகிறார்களே, ஆடம்பரம் எது?

மொரப்பூர் மட்டும் இல்லை. 1964 டிசம்பர் புயலில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடி போகும் பாதை போனது. பாதை போன இடம் மணலுக்குள் கிடந்தது. 2017-ல் அரிச்சல்முனை வரை தார் ரோடு போட்டார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமையானால் அந்த ஒல்லி ரோட்டில் கார்கள் ஒன்றன் பின் ஒன்றாக நின்று கடலுக்கு ஹாரன் அடிக்கின்றன. திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் வழியாக ஒரு காலத்தில் ரயில் கோடிக்கரைவரைக்கும் போனது. 2023-ல் அகல ரயில் மறுபடி வந்தபோது அகஸ்தியம்பள்ளியோடு நின்றுவிட்டது. அதற்கு அப்பால் வெளிமான் திரியும் காடு, சதுப்பு நிலம், குளிர்காலத்தில் பூநாரை. இங்கேயும் சைக்கிள் பாதை போடு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடாது. சரணாலயத்துக்குள் எதைச் செய்வதானாலும் காட்டுக்கு என்ன ஆகும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆனால் தார் ரோட்டில் வேன் போகலாம், மண் பாதையில் சைக்கிள் போகக்கூடாது என்று யாராவது சொன்னால் அது வேறு வகை நியாயம்.

சிங்கப்பூர்க் கதையையும் சொல்லிவிடலாம், ஏனென்றால் அதில் நம்மவர்கள் வியர்வையும் இருக்கிறது. மலாயா ரயில் பாதைகளைப் போட்டதிலும் பராமரித்ததிலும் தமிழர்களுக்குப் பெரும் பங்கு. சிங்கப்பூருக்குள் தஞ்சோங் பகார் முதல் உட்லண்ட்ஸ் வரை ஓடிய மலேசிய ரயில் 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு நின்றது. கடைசி ரயிலை ஜொகூர் சுல்தானே ஓட்டினார். 24 கிலோமீட்டர் நிலம். சிங்கப்பூரில் ஒரு சதுர அடிக்கு என்ன விலை என்று யோசித்துக்கொள்ளுங்கள். ரயில் நிற்பதற்கு முன்பே, 2010-லேயே, அங்குள்ள இயற்கை ஆர்வலர் சங்கம் இதைத் துண்டு போடாமல் பசுமை வழியாக வையுங்கள் என்று கேட்டது. வைத்தார்கள். புக்கிட் தீமா காட்டு ஓரமாக, பழைய இரும்புப் பாலங்களோடு இன்றைக்கு அங்கே மக்கள் நடக்கிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறார்கள். நிலப் பஞ்சம் உள்ள ஊருக்கே முடிந்திருக்கிறது.

இப்போது ஒரகடத்துக்கு வருவோம். இங்கே செத்த ரயில் பாதை இல்லை. பிறக்காத ரயில் பாதைதான் இருக்கிறது!

ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வழியாகக் கூடுவாஞ்சேரிக்கு சுமார் 60 கிலோமீட்டர் ரயில் பாதை என்று 2013-14 ரயில்வே பட்ஜெட்டில் சொன்னார்கள். இன்றுவரை ஒரு ரயிலும் ஓடவில்லை. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளியே வந்தது. அதற்கப்புறம் செல்போன் வந்தது, டயர் வந்தது, லாரி வந்தது, புல்லட் வந்தது, மறுபடி செல்போன் வந்தது. ஆள் வந்துகொண்டே இருக்கிறான். ஆளுக்கு ரயில் வரவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், வாலாஜாபாத் ஸ்டேஷனுக்குப் போனால் புதுக் கார்கள் வரிசையாக ரயில் பெட்டியில் ஏறி வடக்கே போவதைப் பார்க்கலாம். காருக்கு ரயில் உண்டு. காரைச் செய்கிறவனுக்குக் கிடையாது. அவன் பஸ்ஸில் தொங்கணும், இல்லை ஷேர் ஆட்டோவில் நசுங்கணும், இல்லை சைக்கிளை எடுத்துக்கொண்டு டிரெய்லருக்கு வழிவிட்டு மண்ணில் இறங்கணும்.

சிங்கப்பெருமாள்கோயில்-ஸ்ரீபெரும்புதூர் ரோடு இப்போது ஆறு வழி. வண்டலூர்-வாலாஜாபாத் ரோடும் அகலமாகிவிட்டது. கூட்டுரோட்டில் மேம்பாலம். அகலமாக ஆக ஆக சைக்கிள்காரனுக்கு ரோடு ஒடுங்கிக்கொண்டே போகிறது. முன்னெல்லாம் குறுக்கே கடந்து போன இடத்தில் இப்போது சென்டர் மீடியன். திரும்ப வேண்டுமென்றால் எங்கேயோ போய் யூ டர்ன். எவனும் போக மாட்டான், எதிர்த் திசையில்தான் வருவான். செத்தால் "எதிர்த் திசையில் வந்ததால்" என்று எழுதிக்கொள்வார்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பெங்களூருக்குப் போட்டுக்கொண்டிருக்கும் 262 கிலோமீட்டர் விரைவுச் சாலையில் சைக்கிளுக்கும் பைக்குக்கும் இடமே இல்லை, சட்டப்படியே. 2022-ல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள், 17,884 சாவுகள் என்று மத்திய அரசின் கணக்கு சொல்கிறது. விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதல் இடம். இதில் முதலிடம் வாங்கியதற்கு மட்டும் ஃபிளக்ஸ் வைக்க ஆளில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் விவசாயம் அல்லாத வேலைக்குப் போகிறவர்கள் எதில் போகிறார்கள் என்று முதல் தடவையாகக் கேட்டார்கள். கிட்டத்தட்ட 13 சதவீதம் பேர் சைக்கிள். காரில் போகிறவர்களைவிடப் பல மடங்கு அதிகம். 2006-லேயே தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, ரோடு என்பது மனிதர்களை நகர்த்துவதற்கு, வண்டிகளை நகர்த்துவதற்கு அல்ல என்று எழுதியது. சென்னை மாநகராட்சி 2014-ல் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்றே தனிக் கொள்கை போட்டது. காகிதத்தில் நாம் ஹாலந்தைத் தாண்டி எங்கேயோ போய்விட்டோம் :-)

ரயில் பாதை இல்லாத ஊரில் எதை சைக்கிள் பாதையாக்குவது? காஞ்சிபுரத்துக்கு ஏரி மாவட்டம் என்று பெயர். ஸ்ரீபெரும்புதூர் ஏரி, பிள்ளைப்பாக்கம் ஏரி, வாலாஜாபாத் போகிற வழியில் தென்னேரி, கிழக்கே செம்பரம்பாக்கம். ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. ஒவ்வொரு ஏரிக்கும் ஒரு கரை. கரை என்பது என்ன? பள்ளத்தை நிரப்பி மட்டமாக்கிய நீளமான மண்மேடு. தண்ணீருக்கு மேடு ஆகாது, ரயிலுக்கும் மேடு ஆகாது. வெள்ளைக்காரன் ரயிலுக்குச் செய்ததை இந்த ஊர்க்காரன் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே தண்ணீருக்குச் செய்து வைத்திருக்கிறான். கிராமத்தில் இன்றைக்கும் பக்கத்து ஊருக்கு சைக்கிளில் போகிறவர்கள் கரை மேல்தான் போகிறார்கள், பனைமர வரிசை ஓரமாக. யாரும் திட்டம் போட்டுத் தரவில்லை.

ஒரகடத்தில் கிளம்பி வாலாஜாபாத், தென்னேரி, சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர், வல்லக்கோட்டை என்று சுற்றி வந்தால் அறுபது, எழுபது கிலோமீட்டர். இடையில் ஏரிக்கரை உள்ள இடமெல்லாம் கரை, கரை இல்லாத இடத்தில் வரத்துக் கால்வாய் ஓரம், அதுவும் இல்லாத இடத்தில் கிராம ரோடு. ஒரு முழுச் சுற்று. ஞாயிற்றுக்கிழமை பனியன்காரர்களுக்கு இது ஒரு சுற்றுலா. திங்கட்கிழமை ஹெர்குலிஸ்காரருக்கு அதில் ஒரு ஆறு கிலோமீட்டர் துண்டு போதும், உயிரோடு வேலைக்குப் போக.

இதைச் சொன்ன உடனே "சூப்பர், அழகுபடுத்திடலாம்" என்று ஒரு கோஷ்டி கிளம்பும். அவர்களிடம்தான் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அவர்கள் அகராதியில் அழகு என்றால் கரையை உடைத்து கான்கிரீட், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி, ஃபைபரில் டைனோசர், வாசலில் டிக்கெட், "சைக்கிள் உள்ளே அனுமதி இல்லை" என்று போர்டு. பாதையை அகலமாக்குகிறேன் என்று ஏரிக்குள் மண் கொட்டினால் 2015 டிசம்பர் மறுபடி வரும். கரை கரையாகவே இருக்கட்டும். மேலே கெட்டித்த செம்மண்ணோ பொடிக்கல்லோ போதும், மதகுகிட்ட ஒரு சின்னப் பாலம், பைக் நுழையாமல் ரெண்டு கல் தூண், ஓரத்தில் புங்கையும் வேம்பும். கரையில் ஊரே நடமாடினால் ராத்திரியோடு ராத்திரியாக ஏரியில் குப்பை கொட்டுகிற லாரிக்கும் வசதிப்படாது. மொரப்பூர்ப் பாடம்தான் இதுவும். பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக 2022-லிருந்து ஏகனாபுரத்துக்காரர்கள் கேட்டுக்கொண்டிருப்பதும் ஏரியைப் பற்றித்தான். வரைபடத்தில் நீலமாகத் தெரிகிறதெல்லாம் காலி இடம் என்று நினைத்து கோடு போடுகிறவர்களிடம் ஏரி பிழைத்து நிற்பதே பெரும்பாடு.

வெயில் என்பார்கள் அடுத்து. "மே மாசத்துல எவன் சார் மிதிப்பான்?" இப்போது மிதித்துக்கொண்டுதான் இருக்கிறான். தார் ரோட்டில், நிழல் இல்லாமல், லாரிப் புகையில். ரோட்டை அகலப்படுத்தும்போது ஓரத்துப் புளியமரங்களை வெட்டியபோது இந்த வெயில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

"பொம்பளப் புள்ளைங்க எப்படி தனியா?" என்பது கடைசி அஸ்திரம். 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அப்போது ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். கல்லுடைக்கிற பெண்கள், வயல் வேலைக்காரப் பெண்கள், நர்சுகள் என்று ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். ஊர் சிரித்தது. அவர்கள் பாட்டுக்கு ஓட்டினார்கள், தண்ணீர்க்குடம் கட்டினார்கள், பிள்ளையை முன்னால் உட்காரவைத்துக்கொண்டார்கள். முதலில் சிரித்த ஆண்களும் கொஞ்ச நாளில் அடங்கிவிட்டார்கள். அதற்கப்புறம் 2000களில் அரசாங்கமே ப்ளஸ் ஒன் மாணவிகளுக்கு, பிறகு மாணவர்களுக்கும், இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. இந்தியாவில் பல மாநிலங்கள் இதே மாதிரி செய்தன. நல்ல திட்டம், ரெண்டு பேச்சில்லை.

ஆனால் இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 706.50 கோடி ரூபாயில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் பிரம்மாண்டமான குடியிருப்பைத் திறந்தார்கள். இந்தப் பக்கத்து ஃபேக்டரிகளுக்கு வருகிற பெண்கள் யார்? விழுப்புரம், திருவண்ணாமலை, கடலூர் பக்கத்து அரசுப் பள்ளிகளில் படித்தவர்கள் நிறைய. பதினாறு வயதில் அந்தப் பெண்ணுக்கு ஒரு சைக்கிளைக் கொடுத்து "போம்மா, தைரியமா போ" என்று சொல்லியாகிவிட்டது. பத்தொன்பது வயதில், சொந்தமாகச் சம்பாதிக்கும்போது, விடுதி வாசலில் பஸ்ஸில் ஏற்றி ஃபேக்டரி வாசலில் இறக்கி, ஷிப்ட் முடிந்ததும் மறுபடி ஏற்றி விடுதியில் இறக்குகிறார்கள். லீவு நாளில் ஒரு கடைக்கோ, வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கோ, ஏரிக்கரைக்கோ அவளாகப் போக ஒரு பாதை கிடையாது. அந்த சைக்கிள் ஊரில் தம்பி ஓட்டிக்கொண்டிருக்கும், அல்லது பழைய இரும்புக்குப் போயிருக்கும். 706 கோடி போட்டவர்களுக்கு ரெண்டு மீட்டர் அகலத்தில் ஒரு செம்மண் பாதை போடக் காசில்லை என்று சொன்னால் குழந்தைகூடச் சிரிக்கும்.

பனியன்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. சைக்கிள் பாதை வேண்டும் என்று கலெக்டர் ஆபீசில் மனு கொடுப்பவர்கள் பெரும்பாலும் நீங்கள்தான், அதற்கு நன்றி. ஆனால் கேட்கிற பாதை ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்திலிருந்து எட்டு வரைக்கும் ஆரஞ்சுக் கூம்பு வைத்த பாதையாகவே இருக்கிறது. கூம்பை எடுத்ததும் அது மறுபடி லாரி ரோடு. மனுவில் கையெழுத்து வாங்கும்போது அந்த டிபன் பாக்ஸ்காரரிடமும் ஒன்று வாங்குங்கள். அவர் எந்த வழியாகப் போகிறார், எங்கே பயப்படுகிறார், எந்த இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறார் என்று கேட்டாலே பாதைக்கான வரைபடம் பாதி முடிந்துவிடும்.

ஆவடி-கூடுவாஞ்சேரி ரயிலுக்கு என்றைக்காவது ஒருநாள் நிலம் அளக்க ஆள் வருவார்கள். தண்டவாளத்துக்கு இவ்வளவு, சிக்னலுக்கு இவ்வளவு, ஓரத்தில் ரயில்வே ஜீப் போக இவ்வளவு என்று கல் நடுவார்கள். அந்த ஜீப் பாதைக்கு வேலி போடும்போது மூன்று மீட்டர் வெளியே தள்ளிப் போட்டால், ஆவடியிலிருந்து கூடுவாஞ்சேரி வரை 60 கிலோமீட்டர் மட்டமான சைக்கிள் பாதை, புதிதாக ஒரு மேட்டையும் வெட்டாமல். இதைக் கல் நடுவதற்கு முன்னால் கேட்க வேண்டும். நட்ட பிறகு கேட்டால், இதற்குத் தனியாக நிலம் எடுக்க வேண்டும், அது பெரிய வேலை என்று தருமபுரியில் சொன்ன அதே பதிலைச் சொல்வார்கள்.

ஹெர்குலிஸ்காரர் இப்போதும் காலை ஐந்தே முக்காலுக்கு மேம்பாலத்துக்கு அடியில் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, மூன்று டிரெய்லர் போகும்வரை நின்றுவிட்டுத்தான் கடக்கிறார்.